மூன்று சாமான் சொன்னால் ஒன்றுதான் வருகிறது: மனச்சிதைவு, செயல்நினைவு, மூளை ஸ்கேன்

கேட்கப்பட்ட கேள்வி இது: “சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 26 வயது. நான்கு வருடமாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானுக்கு ஒன்றுதான் வருகிறது. கொலுசுப் பட்டறையில் எண்ணிக்கை தப்புகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல் என்றார்கள். அப்படியென்றால் இது சோம்பேறித்தனம்தானா? எஃப்.எம்.ஆர்.ஐ. என்று ஒன்று இருக்கிறதாமே, பெங்களூரு கூட்டிப்போய் அதை எடுத்தால் காரணம் தெரியுமா?”

சோம்பேறித்தனம் இல்லை. எம்.ஆர்.ஐ. நார்மலாக வந்ததில் ஆச்சரியமும் இல்லை. மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.க்காக அவனைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் இந்த மறதியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த எஃப்.எம்.ஆர்.ஐ. மூலம்தான் தெரிய வந்தது. அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்று புரிந்துகொண்டால், வீட்டில் அவனிடம் எப்படிப் பேசுவது என்பதும் தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். “ரெண்டு செட், ஒண்ணுல காரம் கம்மி”, “ஒரு நொறுக்கல், வெங்காயம் வேண்டாம்”, “எனக்குப் பார்சல்” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். கடைக்காரர் எதையும் எழுதுவதில்லை. கை சட்னி தடவிக்கொண்டிருக்க, யாருக்கு எது என்று மனதில் வரிசை ஓடுகிறது. தட்டைக் கொடுத்த நொடியில் அந்த ஆர்டர் அழிந்துவிட வேண்டும். அழியாவிட்டால் போன ஆளின் காரம் வந்த ஆளின் தட்டில் விழும். சில நொடிகளுக்கு மட்டும் விஷயத்தைப் பிடித்துவைத்து, அதை மாற்றி அடுக்கி, வேலை முடிந்ததும் விட்டுவிடும் இந்தத் திறனைத்தான் டாக்டர்கள் ‘வொர்க்கிங் மெமரி’ என்கிறார்கள். தமிழில் செயல்நினைவு என்று வைத்துக்கொள்வோம்.

பேட்லி, ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் இருவர் 1974-ல் இதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள்: காதில் விழுந்ததை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பிடித்துவைக்கும் பகுதி ஒன்று, கண்ணால் பார்த்த இடத்தையும் உருவத்தையும் வைத்திருக்கும் பகுதி ஒன்று, இரண்டையும் மேய்க்கும் மேஸ்திரி ஒன்று. இதன் கொள்ளளவு மிகச் சின்னது. ஒரே நேரத்தில் ஏழு விஷயம் நிற்கும் என்று 1956-ல் மில்லர் என்ற உளவியலாளர் சொன்னார். பிறகு வந்த கோவன், கூட்டிக் கட்டிச் சொல்லும் தந்திரங்களைக் கழித்துவிட்டால் நாலுதான் என்றார். யாருக்குமே நாலுதான் என்றால், அதில் ஒன்றிரண்டு குறைந்தாலே கடைப்பட்டியல் கவிழ்ந்துவிடும்.

வீட்டில் சந்தேகம் எழுவது இங்கேதான். பத்து வருடத்துக்கு முந்தைய சண்டையை வரி பிசகாமல் சொல்கிறான், உப்பு வாங்க மட்டும் மறக்கிறானா என்று கேட்பார்கள். பழைய நினைவு கிடக்கும் இடம் வேறு, இப்போதைய நொடியைப் பிடித்துவைக்கும் இடம் வேறு. இரண்டாவதில் முக்கியப் பங்கு, நெற்றியின் மேல் ஓரங்களில் முடி தொடங்கும் இடத்துக்கு உள்ளே இருக்கும் முன்புறணிக்கு. பாட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச்சின் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. திரையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். சில நொடி கழித்து, அது எங்கே இருந்ததோ அங்கே குரங்கு கண்ணைத் திருப்ப வேண்டும். புள்ளி மறைந்த பிறகும் முன்புறணியின் சில நரம்பணுக்கள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. அந்தத் துடிப்புதான் நினைவு. துடிப்பு அறுந்தபோது குரங்கு தப்பாகப் பார்த்தது. இதே வகைச் சோதனையை 1992-ல் பார்க், ஹோல்ஸ்மன் இருவரும் மனச்சிதைவு உள்ளவர்களிடம் செய்தார்கள். அவர்களும் அதே இடத்தில் தடுமாறினார்கள்.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். நீங்கள் எடுத்த எம்.ஆர்.ஐ. வீட்டின் சுவரையும் கூரையையும் படம் பிடிப்பது. கட்டி, வீக்கம், பழைய அடி, ரத்தக்கசிவு என்று வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எழுதுகிறார்கள். அப்படி ஏதும் இல்லை என்பதே உங்கள் ரிப்போர்ட்டின் பொருள். ‘நோய் இல்லை’ என்று அது சொல்லவில்லை. மனச்சிதைவு உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துச் சராசரி போட்டால் மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகள் சற்றுப் பெரிதாக இருக்கும். 1976-லேயே சி.டி. ஸ்கேனில் இதைக் கண்டார்கள். ஆனால் நோய் இல்லாதவர்களின் அளவும் நோய் உள்ளவர்களின் அளவும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஒரு தனி ஆளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

எஃப்.எம்.ஆர்.ஐ. அதே இயந்திரத்தில், அதே காந்தத்தில் எடுப்பதுதான். இது சுவரைப் பார்ப்பதில்லை. கரண்ட் மீட்டர் ஓடுவதைப் பார்க்கிறது. ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே புது ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது. ஆக்சிஜனை விட்டுவிட்ட ரத்தம் காந்தப்புலத்தை லேசாகக் குலைக்கும், ஆக்சிஜன் உள்ள ரத்தம் குலைக்காது. 1990-ல் செய்ஜி ஒகாவா இந்த வித்தியாசத்தைப் படமாக்கலாம் என்று காட்டினார். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஆனால் இது நரம்பணுவை நேரடியாகப் பார்ப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ரத்தம் பாய்ந்து உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடி ஆகும். மாற்றமும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். இவ்வளவு மெல்லிய சமிக்ஞையை நம்பித்தான் அந்தச் சிவப்பு மஞ்சள் படங்கள் எல்லாம் வரையப்படுகின்றன.

ஆய்வில் அதிகம் பயன்படும் சோதனைக்குப் பெயர் ‘என்-பேக்’. திரையில் ஒவ்வொன்றாக எண் வரும். அரை நொடி தெரியும், ஒன்றரை நொடி வெறும் திரை, அடுத்த எண். ‘2-பேக்’ என்றால், இப்போது வந்த எண்ணே இரண்டு எண்ணுக்கு முன்னாலும் வந்திருந்தால் பட்டனை அழுத்த வேண்டும். 4, 7, 4, 1, 6, 1 என்று வந்தால் மூன்றாவதாக வரும் 4-க்கும் ஆறாவதாக வரும் 1-க்கும் அழுத்த வேண்டும். உட்கார்ந்து படிக்கும்போது சுலபம். இரண்டு நொடிக்கு ஒன்று என்று வரும்போது ஒவ்வொரு எண்ணையும் உள்ளே சேர்க்க வேண்டும், பழையதைத் தள்ள வேண்டும், நடுவில் இருப்பதைக் காக்க வேண்டும். தட்டுவடைக்காரர் செய்வதே இது, சட்னி இல்லாமல். இப்படி 30 நொடியில் 15 எண். அடுத்த 30 நொடி ‘0-பேக்’: 5 வந்தால் மட்டும் அழுத்து, நினைவு தேவையில்லை. மாறி மாறி ஐந்து நிமிடம். இரண்டு நொடிக்கு ஒரு முழு மூளைப்படம் என்றால் மொத்தம் 150 படம். 2-பேக் படங்களிலிருந்து 0-பேக் படங்களைக் கழித்தால் கண், விரல், விழிப்பு எல்லாம் கழிந்து நினைவு வேலை மட்டும் மிஞ்சும் என்பது கணக்கு. தமிழ் பேசுபவர்களுக்கு எழுத்தைவிட எண்ணோ, கட்டத்தில் இடம் மாறும் புள்ளியோ நல்லது. ன, ண, ள என்று ஒன்றுக்கொன்று சாயலுள்ள எழுத்துகளை அரை நொடியில் காட்டினால் சோதிப்பது நினைவையா கண்ணையா என்று தெரியாமல் போய்விடும்.

சரி, என்ன கண்டார்கள்? 1974-ல் இங்வாரும் ஃப்ரான்சனும் பழைய ரத்த ஓட்டக் கருவிகளால் அளந்து, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு நெற்றிப் பக்கம் ஓட்டம் குறைவு என்றார்கள். 1986-ல் வெய்ன்பெர்கர் குழு செனான் வாயுவை முகரவைத்து, சீட்டுகளை விதிப்படி பிரிக்கும் சோதனை கொடுத்து அளந்தது. மற்றவர்களுக்கு முன்புறணி சுறுசுறுப்பானது. நோய் உள்ளவர்களுக்கு அந்த அளவு ஆகவில்லை. ‘முன்மூளை மந்தம்’ என்ற எண்ணம் இப்படி நிலைபெற்றது. எஃப்.எம்.ஆர்.ஐ. வந்ததும் குழப்பம் ஆரம்பித்தது. 1999-ல் மனோக் குழுவும் 2000-ல் காலிகாட் குழுவும் நேர்மாறாகக் கண்டன: அதே இடத்தில் நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் சுறுசுறுப்பு! ஒரு ஆய்வில் கம்மி, இன்னொன்றில் ஜாஸ்தி. யாரோ தப்பாக அளந்துவிட்டார்களா?

இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள்; 20 கொண்டை ஊசி வளைவு. நல்ல இன்ஜின் உள்ள வண்டி ஒன்று, இழுவை குறைந்த வண்டி ஒன்று. மூன்றாவது வளைவில் நின்று காதைக் கொடுத்தால் பழைய வண்டி ஏற்கனவே முதல் கியரில் உறுமுகிறது. நல்ல வண்டி சத்தமே இல்லாமல் போகிறது. பதினைந்தாவது வளைவில் நின்றால் நல்ல வண்டிதான் உறுமுகிறது, பழையது திணறி ஓரம் கட்டி நிற்கிறது. சத்தத்தை மட்டும் வைத்து எந்த இன்ஜின் நல்லது என்று கேட்டால், எந்த வளைவில் நின்று கேட்டீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாகும். முன்புறணியும் அப்படித்தான். சுமை ஏற ஏறச் சுறுசுறுப்பு கூடும், ஓர் உச்சத்தைத் தொடும், தாங்க முடியாத கட்டத்தில் விழும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைகோடு. மனச்சிதைவில் அந்தக் கிண்ணம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். சின்னச் சுமைக்கே அதிக உழைப்பு, பெரிய சுமையில் சீக்கிரச் சரிவு. உங்கள் தம்பி ஒரு சாமானைச் சரியாக வாங்கி வரும்போதும் அவன் தலைக்குள் முதல் கியர்தான் ஓடிக்கொண்டிருக்கும். ‘முயற்சியே இல்லை’ என்று சொல்லும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடினமான கட்டத்தில் ஒருவர் சோதனையையே கைவிட்டுவிட்டால் முன்புறணி அணைந்துதான் போகும். அது நோயா, கைவிட்டதன் விளைவா? அதனால்தான் நல்ல ஆய்வுகள் சரியான விடைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகும் ஆட்களை மட்டும் ஒப்பிடுகின்றன. இதைச் செய்யாத ஆய்வின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்புவதற்கில்லை.

முன்புறணி ஒன்று மட்டும்தான் பழுது என்றும் எண்ணிவிடாதீர்கள். நாம் சும்மா இருக்கும்போது ஓடும் ஒரு வலைப்பின்னல் வேலை வந்ததும் அடங்க வேண்டும். மனச்சிதைவில் சரியாக அடங்குவதில்லை. முன்புறணிக்கும் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்கும் இடையிலான தொடர்பும் வேலைக்கேற்ப மாறாமல் ஒட்டியே நிற்கிறது என்று 2005-ல் ரத்த ஓட்டத்தை அளக்கும் பெட் ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது.

குரல் நின்றும் மறதி நிற்காததற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. குரல் கேட்பது மூளையின் ஆழத்தில் டோபமின் (நரம்பணுக்கள் சேதி கடத்தும் ஒரு வேதிப்பொருள்) மிகுவதோடு சேர்ந்தது. நீங்கள் கொடுக்கும் மாத்திரை அங்கே டோபமினை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகளை அடைக்கிறது, குரல் அடங்குகிறது. முன்புறணியிலோ நினைவுக்கு முக்கியமானவை டி1 ஏற்பிகள். அங்கே டோபமின் குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல், நடுவில் ஒரு குறுகிய அளவுதான் நல்லது. அந்த மாத்திரைக்கு இந்த இடத்தைச் சரிசெய்யும் வேலை இல்லை. அணுவின் அளவிலும் மாற்றம் உண்டு: இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த கிளான்ட்ஸ், லூயிஸ் இருவரும் 2000-ல், முன்புறணியின் மூன்றாம் அடுக்கு நரம்பணுக்களின் கிளைகளில் மொட்டு மொட்டாக இருக்கும் இணைப்பு முட்கள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அந்த முட்கள் எந்த எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது. ரிப்போர்ட் நார்மல் என்று வருவதில் அதனால்தான் வியப்பில்லை.

எஃப்.எம்.ஆர்.ஐ.யை ஏன் தம்பிக்கு எடுக்க வேண்டாம் என்கிறேன்? படுத்திருப்பவர் தலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைந்தால் போதும், நூற்றுக்கு ஒன்று என்ற அந்த மெல்லிய மாற்றம் அசைவில் மூழ்கிவிடும். மாத்திரையால் கால் பரபரப்பு உள்ளவர் இயந்திரத்தின் தடதடப்புக்குள் அசையாமல் கிடப்பது பெரும்பாடு. தூக்கம் தரும் மாத்திரை சாப்பிட்டவர் பாதியில் கண்ணயர்வார். பட்டன் பதிவைப் பார்க்காதவர் அதை ‘முன்மூளை மந்தம்’ என்று எழுதிவிடுவார். உலோகச் சட்டம் போட்ட கண்ணாடியோடு உள்ளே போக முடியாது. மாற்று வில்லை தராவிட்டால் எண்ணே மங்கல். தப்பு கண்ணுடையது, பழி நினைவுக்கு. காபியும் இதில் சேரும். காபின் மூளை ரத்தக்குழாய்களைச் சுருக்கி, அளக்கும் சமிக்ஞையையே மாற்றிவிடும். தினமும் மூன்று டம்ளர் சேர்வராயன் மலைக் காபி குடிப்பவர் அன்றைக்கு மட்டும் நிறுத்தினால் ரத்த ஓட்டம் எதிர்ப்பக்கம் ஏறும், தலைவலியும் வரும். (சாதாரண எம்.ஆர்.ஐ.க்கும் பொருந்தும் ஒன்று: கொலுசு, மெட்டி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. ஆனால் வளையமாக இருக்கும் உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறும், திருகாணியில் இரும்பும் இருக்கலாம்.)

கணக்கிலும் வழுக்கல் உண்டு. மூளையைப் பல்லாயிரம் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதிப்பதால் தற்செயலாகவே சில கட்டங்கள் ‘எரியும்’. 2009-ல் சிலர் செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, திருத்தம் செய்யாத கணக்கில் மீன் மூளையிலும் ‘செயல்பாடு’ வருவதைக் காட்டினார்கள். சிரிப்புக்காகச் செய்ததல்ல. அதைவிட முக்கியமானது, ஒரே ஆளை இரண்டு முறை எடுத்தால் ஒரே விடை வருகிறதா என்பது. வேலை கொடுத்து எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுகளை 2020-ல் தொகுத்துப் பார்த்ததில் அந்த நம்பகத்தன்மை 0.4-க்கு அருகில்தான் நின்றது. ஒன்று என்றால் முழுப்பொருத்தம். முப்பது நாற்பது பேரின் சராசரியைப் பேச இது போதும்; உங்கள் தம்பி ஒருவனைப் பற்றித் தீர்ப்பு சொல்லப் போதாது. மனச்சிதைவை உறுதிசெய்யவோ மாத்திரையைத் தேர்வுசெய்யவோ வழக்கமான சிகிச்சையில் இந்த ஸ்கேன் கிடையாது. ஆய்வுக்காக யாராவது அழைத்தால், விருப்பமிருந்தால் போகலாம். அந்தப் படம் அவன் சிகிச்சையை மாற்றாது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

உடன்பிறந்தவர் என்பதால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2003-ல் காலிகாட் குழு, நோயே இல்லாத, சோதனையிலும் நன்றாகச் செய்த அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை எடுத்துப் பார்த்தது. அவர்கள் முன்புறணியிலும் அதே சாயல் இருந்தது. பரம்பரையில் ஒரு சாய்வு உண்டு என்பதுதான் இதன் பொருள். உங்களுக்கும் நோய் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி செய்யக்கூடியது. முதலில் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கை நடுக்கம், இறுக்கம் வராமல் இருக்க டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்த்து எழுதுவது வழக்கம். பாசிடேன் என்ற பெயரிலும் வரும். அது மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பது. நினைவை நேரடியாக மங்கவைக்கும். ஆரம்பத்தில் தேவைப்பட்டது நான்கு வருடம் கழித்தும் பழக்கத்தால் தொடர்வது உண்டு. “இது இன்னும் வேண்டுமா, மெதுவாகக் குறைக்கலாமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; சட்டென்று நிறுத்தினால் இறுக்கம் திரும்பலாம். தூக்க மாத்திரை, பகல் மயக்கம், தைராய்டு, பி12 ஆகியவற்றையும் அதே நாளில் பேசிவிடலாம். குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தைச் சாப்பிடுகிறான் என்றால் பீடி சிகரெட் விஷயத்தையும் சொல்லுங்கள். புகை அந்த மருந்தைக் கல்லீரலில் சீக்கிரம் கரைக்கும். புகையை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும், காபியைக் கூட்டினாலும் ஏறும். புகையை விடுவது நல்லதுதான், டாக்டருக்குத் தெரிந்து விட வேண்டும்.

அடுத்தது, சொல்லும் விதம். 2005-ல் லீ, பார்க் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது ஒன்று தெரிந்தது: காத்திருக்கும் நேரம் ஒரு நொடியைத் தாண்டி நீண்டாலும் குறைபாடு அதற்கேற்ப மோசமாகவில்லை. அப்படியானால் ஓட்டை, வைத்திருக்கும் பானையில் மட்டும் இல்லை. உள்ளே ஊற்றும்போதே பாதி சிந்துகிறது. அதனால் டிவி ஓட, அடுப்படியிலிருந்து கத்தி, “ஜவ்வரிசி அரைக் கிலோ, வெல்லம், வரும்போது பாட்டி மாத்திரை” என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து, ஒன்று சொல்லி நிறுத்துங்கள். அவன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அடுத்தது. மூன்றுக்கு மேல் போனால் சீட்டு அல்லது செல்போனில் குரல்பதிவு. சீட்டு கொடுப்பதை அவமானமாக்கிவிடாதீர்கள். வீட்டில் எல்லோருமே சீட்டு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தால் அந்தப் பேச்சே எழாது.

பட்டறையில் எண்ணுவதை மனதிலிருந்து கைக்கு மாற்றுங்கள். பத்துப் பத்தாகக் குழி போட்ட தட்டு ஒன்று இருந்தால் கண்ணே எண்ணிக்கொள்ளும். வேலையின் படிகளைப் பெரிய எழுத்தில் எழுதி எதிரில் மாட்டுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் எந்தப் படியில் நின்றான் என்று வைக்க ஒரு கிளிப். முதலாளியிடம் கேட்க வேண்டிய சலுகை ஒன்றே ஒன்று: ஒரு வேலை பாதியில் இருக்கும்போது இன்னொன்றைத் திணிக்கக் கூடாது.

ஸ்கேனுக்குப் பதிலாக மனநலத் துறையில் உள்ள உளவியலாளரிடம் நினைவுச் சோதனை கேளுங்கள். நொடிக்கு ஒரு எண் வீதம் சொல்லி, அதே வரிசையிலும் பிறகு தலைகீழாகவும் திருப்பிச் சொல்லவைப்பது அதில் ஒன்று. தலைகீழில்தான் செயல்நினைவு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே சோதனையைச் செய்து ஒப்பிடலாம். நினைவு, கவனம் போன்ற திறன்களைப் பயிற்சியால் மேம்படுத்தும் அறிவாற்றல் மறுபயிற்சி என்று ஒன்றும் உண்டு. 2011-ல் 40 ஆய்வுகளைத் தொகுத்ததில் அதன் பலன் நடுத்தரமாக இருந்தது. மற்ற மறுவாழ்வுப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது அன்றாட வாழ்க்கையிலும் கூடுதலாகப் பலித்தது. வெறும் செல்போன் ‘மூளை விளையாட்டு’ அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரனாக்கும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். தேவைப்பட்டால் அவர்களே சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கோ, சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்துக்கோ எழுதித் தருவார்கள். வீட்டிலிருந்தே பேச, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் ஸ்கேன் தேவையில்லை. தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கை வைத்து ஐடியாஸ் என்ற அளவுகோலில் மதிப்பிடுவார்கள். நோய் இருந்த காலத்தையும் சேர்ப்பார்கள். வேலையில் எண்ணிக்கை தப்புவதை எழுதி எடுத்துப் போங்கள்.

மறுபடி ஸ்கேன் உண்மையிலேயே தேவைப்படும் நிலை வேறு. வருடக்கணக்காக ஒரே அளவில் இருக்கும் மறதிக்கு அது தேவையில்லை. சில நாளில் அல்லது சில வாரத்தில் மறதி மளமளவென்று மோசமானால், வலிப்பு வந்தால், காய்ச்சலோடு குழப்பம் வந்தால், வாந்தியோடு தலைவலி தொடர்ந்தால், நடை தள்ளாடினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அவன் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும் கையில் இருக்கட்டும்.